ஒரே பேனா ஒரு தாளில் வழுக்கி ஓடுகிறது, மறு தாளில் மை ஊறிப் பரவுகிறது: காரணம் பேனாவா, மையா, தாளா?

மைத்துளி:

அனைவருக்கும் வணக்கம். ஊற்றுப்பேனாவால் நாள்தோறும் எழுதுகிறவர்களின் கருத்தை அறிய விரும்பி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என்னிடம் இருப்பது எஃகு நிப்பு கொண்ட, நடுத்தர முனையுள்ள பேனா. அதில் சாதாரண நீல மையை நிரப்பி, வழுவழுப்பான தாளைக் கொண்ட ஒரு குறிப்பேட்டில் எழுதினால் கோடு மெலிந்தும் ஓரங்கள் பிசிறின்றியும் வருகின்றன. எழுதி முடித்த சொல் சில நொடிகள் ஈரத்தோடு மினுங்கி, பிறகு மெல்ல ஒளி அடங்கி உலர்வதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு வரி எழுதத் தோன்றுகிறது. அதே பேனாவை, அதே மையோடு, அச்சுப்பொறிக்கு வைத்திருக்கும் வெள்ளைத் தாளில் வைத்தால் கோடு தடித்துவிடுகிறது. 'ண' எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளிகள் விரிந்து பக்கத்து எழுத்தைத் தொடுகின்றன. இன்னொரு விந்தையும் உண்டு. நல்ல தாள் என்று நான் சொன்ன அந்தக் குறிப்பேட்டிலும், பக்கத்தின் மேற்பகுதியில் தங்குதடையின்றி ஓடும் பேனா, கடைசி ஐந்தாறு வரிகளில் மட்டும் ஆங்காங்கே கோட்டை விட்டுவிட்டு எழுதுகிறது.

இவற்றின் காரணத்தை அறிய விரும்புகிறேன். அத்துடன், பல ஆண்டுகள் கழித்தும் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டிய நாட்குறிப்புக்கு எந்த வகை மை ஏற்றது என்பதையும், தங்க நிப்புக்கு மாறுவதால் உண்மையில் பயன் உண்டா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கூர்முனை:

நண்பர் மைத்துளி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் உங்கள் பேனாவில் குறை ஏதும் இல்லை. பேனா எப்படி எழுதுகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை தாமே விளங்கும்.

ஊற்றுப்பேனாவுக்குள் மையை வெளியே தள்ளும் பொறி எதுவும் கிடையாது. புவியீர்ப்பு ஓரளவு உதவினாலும், மையை நிப்பின் முனைவரை கொண்டு வருவது நுண்புழை விசைதான். நீர்மம் அகன்ற இடத்திலிருந்து குறுகிய இடத்தை நோக்கித் தானாகவே இழுக்கப்படும். மை தேங்கியிருக்கும் கூட்டிலிருந்து நிப்புக்கு அடியில் உள்ள நாக்கின் காடிகளுக்கும், அந்தக் காடியிலிருந்து நிப்பின் நடுவே ஓடும் பிளவுக்கும், குறுகிக்கொண்டே செல்லும் அந்தப் பிளவின் வழியாக முனைக்கும் மை இப்படித்தான் வந்து சேர்கிறது. முனையை அடைந்ததும் அது நின்றுவிடும். தாளின் இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளிகள் பிளவைவிடவும் நுண்ணியவை என்பதால், முனை தாளைத் தொட்ட நொடியில் தாள் மையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. எழுதும் வேலையில் பாதியைத் தாளே செய்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன். கையை அழுத்த வேண்டிய தேவை இல்லாமல் போவதும் இதனால்தான்.

வெளியேறிய மையின் இடத்தைக் காற்று வந்து நிரப்பாவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து ஓட்டம் நின்றுவிடும். காற்று மிகுதியாகப் புகுந்தாலோ மை சொட்டும். ஊற்றுப்பேனா என்னும் எண்ணம் பழையது. 1827ஆம் ஆண்டிலேயே பெட்ராக்கே போயெனாரு என்பவர் பிரான்சில் அதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். ஆயினும் காற்று உள்ளே செல்வதையும் மை வெளியே வருவதையும் ஒரே நாக்கில் ஒழுங்குபடுத்தும் சிக்கலுக்கு நடைமுறையில் நிலைத்த தீர்வு, 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற, காடிகள் வெட்டிய நாக்கின் வழியாகவே வந்தது. உங்கள் பேனாவின் நிப்பைக் கழற்றிப் பார்த்தால் நாக்கின் பக்கவாட்டில் வரிவரியாக மெல்லிய தகடுகள் தெரியும். திடீரென்று மிகுதியாக வரும் மையைத் தாங்கிப் பிடித்து, சொட்டாமல் காப்பது அவற்றின் வேலை.

இனி மைக்கு வருவோம். தூய நீரின் பரப்பு இழுவிசை அறை வெப்பநிலையில் மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். மை தயாரிப்பாளர்கள் சேர்க்கும் பொருள்கள் அதைக் குறைக்கின்றன. எவ்வளவு குறைக்கிறார்களோ அவ்வளவுக்கு மை தாராளமாக ஓடும், அவ்வளவுக்குத் தாளில் பரவவும் செய்யும். ஆகவேதான் பெலிக்கனின் 4001 வரிசையை 'வறண்ட மை' என்றும், பைலட்டின் இரோஷிசுகு வரிசையை 'ஈர மை' என்றும் பழகியவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். தாராளமாக ஓடும் பேனாவுக்கு வறண்ட மையும், கஞ்சத்தனமாக எழுதும் பேனாவுக்கு ஈர மையும் கொடுத்துப் பார்த்தால், பழுது என்று நாம் ஒதுக்கிவைத்த பேனாக்களில் பல உயிர்பெற்று எழும்.

வெண்தாள்:

அன்பர் கூர்முனை பாதி வேலை தாளுடையது என்று சொன்னதை வரவேற்கிறேன். என்னைக் கேட்டால் பாதிக்கும் மேல் என்பேன். பேனா வாங்குவதற்கு முன் தாளை மாற்றிப் பாருங்கள் என்பதே இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக நுழைபவர்களுக்கு நான் தரும் முதல் ஆலோசனை.

தாள் என்பது நார் இழைகள் பின்னிய ஒரு பரப்பு. அப்படியே விட்டால் அது ஒற்றுத்தாள்போல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். ஆகவே உற்பத்தியின்போது கூழிலோ மேற்பரப்பிலோ ஸ்டார்ச் போன்ற பொருள்களைச் சேர்த்து உறிஞ்சும் தன்மையைக் கட்டுப்படுத்துவார்கள். இந்தப் பசையேற்றம் குறைந்த தாளில் மை இழைகளின் வழியே ஓடி, கோட்டின் ஓரம் வேர்விட்டதைப் போல் பிசிறும். பின்பக்கம் ஊறித் தெரியும். பெரும்பாலான அச்சுப்பொறித் தாள்கள் மைத்தூளுக்காகவும் தெளிப்பு மைக்காகவும் செய்யப்படுபவை, ஊற்றுப்பேனாவின் ஈரக் கோட்டை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை அல்ல. உங்கள் 'ண'வின் சுழி அடைபடுவதற்கு அதுவே காரணம்.

இங்கே பலரும் தாளின் எடையைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அது சரியன்று. டொமோயே ரிவர் என்னும் ஜப்பானியத் தாளின் புகழ்பெற்ற வகை சதுர மீட்டருக்கு 52 கிராம் எடை மட்டுமே கொண்டது. மறுபக்கத்து எழுத்தின் நிழல் தெரியும் அளவுக்கு மெலிந்தது. ஆனாலும் மை அதில் ஊடுருவுவதில்லை. 80 கிராம் எடையுள்ள ரோடியா, 90 கிராம் எடையுள்ள கிளேர்ஃபோன்டேன் தாள்களும் அப்படியே. அவற்றைவிடத் தடித்த தாள்களில் எழுதியது மறுபக்கம் வரை ஊறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஈடாக ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். உறிஞ்சாத தாளில் மை உலரத் தாமதமாகும். சாதாரணத் தாளில் ஐந்து நொடியில் உலரும் அதே மை இந்தத் தாள்களில் அரை நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளலாம். அதனால் குறிப்பேட்டுக்குள் ஓர் ஒற்றுத்தாளை எப்போதும் வைத்திருங்கள்.

கடைசி வரிகளில் பேனா விட்டுவிட்டு எழுதுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பேனாவின் குற்றமும் அன்று, மையின் குற்றமும் அன்று. நீங்கள் மேல் வரிகளை எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் உள்ளங்கையின் ஓரம் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் படிந்திருக்கிறது. தோலின் எண்ணெய்ப்பசை தாளில் ஒட்டிக்கொள்கிறது. நீரால் ஆன மை அந்த இடத்தில் பிடிப்பதில்லை. உறிஞ்சும் தாளில் இது தெரியாது, வழுவழுப்பான தாளில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

மைத்துளி:

கையடித் தாள் வைத்து இப்போதுதான் எழுதிப் பார்த்தேன். கடைசி வரி வரை ஒரு கோடும் விடுபடவில்லை. இத்தனை எளிய காரணம் என்பது வியப்பளிக்கிறது. மிக்க நன்றி. நாட்குறிப்புக்கான மையைப் பற்றியும் சொல்லுங்கள்.

நீலக்கறுப்பு:

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நிலைத்திருக்க வேண்டிய எழுத்துக்கு என் விடை இரும்பு மாசிக்காய் மை.

ஓக் மரக் கிளைகளில் குளவி முட்டையிடுவதால் புடைத்து வளரும் காய் போன்ற பொருள்தான் மாசிக்காய். அதில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் செறிந்திருக்கிறது. அந்தச் சாற்றோடு அன்னபேதி, அதாவது இரும்பு சல்ஃபேட், சேரும்போது உருவாகும் மைதான் பல நூற்றாண்டுகள் ஐரோப்பா முழுவதும் ஆவணங்களை எழுதப் பயன்பட்டது. அதன் வேதியியல் அழகானது. புட்டிக்குள் இரும்பு கரையக்கூடிய நிலையில், ஏறத்தாழ நிறமற்றதாக இருக்கிறது. தாளில் பட்டுக் காற்றோடு சேர்ந்ததும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீரில் கரையாத கரும்பொருளாக மாறி, இழைகளுக்குள்ளேயே படிந்துவிடுகிறது. எழுதும்போதே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நீலச் சாயம் ஒன்றைக் கலக்கிறார்கள். அதனால் எழுதும் கணத்தில் நீலமாகத் தெரியும் வரி, சில நிமிடங்களில் சாம்பல் ஏறி, மறுநாள் திறந்து பார்க்கும்போது கருநீலமாக நிற்கிறது. ஒரு பத்தியை எழுதி முடித்துத் தலையைத் தூக்கினால் பக்கத்தின் மேல் வரிகள் ஒரு நிறமாகவும் கீழ் வரிகள் வேறு நிறமாகவும் இருக்கும். நடுவே அந்த மாற்றம் நடந்துகொண்டே இருக்கும். இதைப் பார்த்துப் பழகியவருக்கு வேறு மையில் மனம் நிற்பது கடினம்.

தண்ணீர் கொட்டினால் நீலச் சாயம் போகும், கருவரி நிற்கும். பிரிட்டனில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கென்றே 'பதிவாளர் மை' என்ற பெயரில் இந்த வகை மை தயாரிக்கப்பட்டது. டயமைன் நிறுவனத்தில் அந்தப் பெயரிலேயே கிடைக்கிறது. ரோரர் அண்ட் கிளிங்னரின் சாலிக்ஸ், ஸ்காபியோசா என்ற இரண்டும், பெலிக்கன் 4001 வரிசையின் கருநீலமும், பிளாட்டினத்தின் கிளாசிக் வரிசையும் இதே குடும்பம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த மை அமிலத்தன்மை கொண்டது. பழங்கால மைகளில் அமிலமும் இரும்பும் மிகுந்திருந்ததால் தாளையே அரித்துவிட்டன. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் கைப்பட எழுதிய இசைத்தாள்கள் பல அப்படிச் சிதைந்தவை. ஊற்றுப்பேனாவுக்கென்று இன்று செய்யப்படும் மைகள் அவ்வளவு கடுமையானவை அல்ல. ஆயினும் இந்த மையைப் பேனாவுக்குள் உலரவிடக் கூடாது. எஃகு நிப்புக்குள் மாதக் கணக்கில் ஊறவிடவும் கூடாது. அவ்வப்போது கழுவிவந்தால் போதும்.

கரிமை:

நண்பர் நீலக்கறுப்பின் விளக்கம் சுவையானது. ஆனால் அவருடைய முடிவோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. நிலைத்திருத்தல் மட்டுமே நோக்கம் என்றால் கரித்துகள் மை அதைவிட மேலானது. சாயம் ஒளியில் சிதையும். இரும்பு மாசிக்காய் மையும் நெடுங்காலத்தில் பழுப்பேறும். கரியோ ஒளிக்கும் நீருக்கும் அசையாது. பிளாட்டினம் கார்பன், செய்லரின் கிவாகுரோ ஆகியவற்றில் கரித்துகள் நாக்கின் காடிகளை அடைக்காத அளவுக்கு நுண்ணியதாக அரைக்கப்பட்டிருக்கிறது. அமிலப் பிரச்சினையும் கிடையாது.

இதோடு ஓர் எச்சரிக்கை. ஓவியர்களும் சித்திர எழுத்துக் கலைஞர்களும் தொட்டு எழுதும் நிப்புக்குப் பயன்படுத்தும் கரிய மையில் அரக்கு கலந்திருப்பது உண்டு. புட்டியில் 'கறுப்பு மை' என்று இருக்கிறதே என்று அதை ஊற்றுப்பேனாவில் நிரப்பிவிட்டால், உலர்ந்த அரக்கை நாக்கிலிருந்து அகற்றுவது மிகக் கடினம். புட்டியின் மேல் ஊற்றுப்பேனாவுக்கானது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நிரப்புங்கள்.

நீலக்கறுப்பு:

கரி அசையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாள்தோறும் எழுதாதவரின் பேனாவில் கரித்துகள் மை உலர்ந்துவிட்டால் அதைக் கரைத்தெடுப்பது இரும்பு மாசிக்காய் மையைக் காட்டிலும் தொல்லை. நாட்குறிப்பு எழுதுபவர் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பும் வாழ்க்கையை வைத்து நான் பேசுகிறேன். அதுவும் போக, கரி மை புட்டியில் இருக்கும் அதே கறுப்பாகத் தாளிலும் இருக்கும்; மாறுவதில்லை. கண்ணுக்கு முன் நிறம் மாறும் மகிழ்ச்சியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

இடக்கை:

இழை முழுவதையும் ஆர்வத்தோடு படித்தேன். இதுவரை பேசியவர்கள் வலக்கையால் எழுதுபவர்கள் என்று தோன்றுவதால் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

வலக்கையாளர் நிப்பை இழுத்துச் செல்கிறார். இடக்கையாளர் பல கோடுகளில் நிப்பைத் தள்ளிச் செல்கிறார். தள்ளும்போது முனை தாளின் இழைகளில் குத்தும். கீறல் ஒலி கேட்கும். சில சமயம் மை நின்றுவிடும். மெல்லிய முனையை வாங்கிவிட்டு ஊற்றுப்பேனாவே நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்ட இடக்கையாளர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது நன்கு உருட்டப்பட்ட நடுத்தர முனை. மற்றொன்று, எழுதிய வரியின் மேலேயே கை நகர்ந்து செல்வதால் உலரும் நேரம் எங்களுக்கு முதன்மையானது. வரிக்குக் கீழே கையை வைத்து, தாளை வலப்பக்கமாகச் சாய்த்து எழுதப் பழகிக்கொண்டால் எந்த மையையும் பயன்படுத்தலாம். வரிக்கு மேலே கையை வளைத்து எழுதுபவர்கள் விரைந்து உலரும் மையையும் சற்று உறிஞ்சும் தாளையும் தேர்ந்தெடுப்பது நல்லது. அன்பர் வெண்தாள் குறை சொன்ன சாதாரணத் தாள் எங்களில் சிலருக்கு வரமாகவே அமைகிறது.

ஒளிரும் மைகளைப் பற்றியும் ஒரு சொல். நீல மை உலர்ந்த பிறகு சாய்த்துப் பார்த்தால் செம்பின் நிறத்தில் மினுங்குவது சாயம் தாளுக்குள் இறங்காமல் மேற்பரப்பில் செறிந்து படிவதால் உண்டாகிறது. பார்ப்பதற்கு மிக அழகு. ஆனால் மேலே படிந்த அந்தச் சாயம் பல நாள் கழித்தும் ஈரக் கை பட்டால் இழுபடும். அப்பிரகத் துகள் கலந்த மினுமினுப்பு மைகள் வேறு வகை. அவற்றில் துகள் அடியில் தங்கிவிடுமென்பதால் புட்டியையும் பேனாவையும் மெதுவாகப் புரட்டிய பிறகு எழுத வேண்டும்.

பழங்கூடு:

பேனாவில் மை நிரப்பும் முறைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை ஊற்றுப்பேனாவின் இன்பத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் எல்லாமே சொட்டுக்குழாய்ப் பேனாக்கள்தாம். கழுத்தைத் திருகிக் கழற்றி, கூட்டுக்குள் நேராக மையைச் சொட்ட வேண்டும். பிறகு உள்ளே ரப்பர்ப் பை வைத்து அதை அமுக்கி மை உறிஞ்சும் முறைகள் வந்தன. கான்க்ளின் பேனாவின் பக்கவாட்டில் பிறைவடிவ உலோகத் துண்டு துருத்திக்கொண்டு நிற்கும். அதை அழுத்தினால் பை சுருங்கும். ஷேஃபர் அதற்கு மாற்றாக, கூட்டோடு படிந்துவிடும் நெம்புகோலுக்கு 1908இல் காப்புரிமை பெற்றார். 1929இல் பெலிக்கன் கொண்டுவந்த பிஸ்டன் முறையில் பையே தேவையில்லை. பின்முனையைத் திருகினால் கூட்டுக்குள் ஓர் அடைப்பான் ஏறி இறங்கி மையை இழுக்கும். இன்று பரவலாக இருப்பவை, மை அடைத்து விற்கும் சிறு குழாயான கார்ட்ரிட்ஜும், அதன் இடத்தில் பொருத்திப் புட்டியிலிருந்து மை உறிஞ்சும் கன்வெர்ட்டரும். பன்னாட்டுக் குறுங்கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாகவே மை கொள்ளும். நாள் முழுவதும் எழுதுபவருக்கு அது போதாது.

சொட்டுக்குழாய்ப் பேனா அதைப் போல மூன்று நான்கு மடங்கு கொள்ளும். ஆனால் மை குறையக் குறைய அது மை கக்கத் தொடங்கும். பழைய பேனா கெட்டுவிட்டது என்று பலர் அதைத் தூக்கி எறிகிறார்கள். உண்மையில் நடப்பது இதுதான்: மை காலியான இடத்தில் காற்று இருக்கிறது; கையின் சூடு கூட்டின் வழியே அந்தக் காற்றைச் சூடாக்குகிறது; விரிந்த காற்று மிச்சமுள்ள மையை நாக்கின் வழியாக வெளியே தள்ளுகிறது; நாக்கின் தகடுகள் தாங்கும் அளவைத் தாண்டியதும் பக்கத்தின் நடுவில் ஒரு பெருந்துளி விழுகிறது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழ் மை குறைவதற்கு முன்பே நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் எழாது. விமானத்திலும் இதே விதிதான். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதன் நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறைவதால் பேனாவுக்குள் உள்ள காற்று விரிகிறது. பேனாவை முழுமையாக நிரப்பியோ முழுமையாகக் காலி செய்தோ எடுத்துச் செல்லுங்கள். விமானம் மேலேறும்போது நிப்பு மேல்நோக்கி இருக்கட்டும்.

மைத்துளி:

இத்தனை விளக்கங்களுக்கும் நன்றி. தங்க நிப்பைப் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. அதோடு, எழுதிப் பழகிய பேனாவை மற்றவர் கையில் கொடுத்தால் நிப்பு கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையா?

கூர்முனை:

தாளைத் தொடுவது தங்கமும் அன்று, எஃகும் அன்று. நிப்பின் நுனியில் பற்றவைத்திருக்கும் மிகச் சிறிய குண்டுதான் தாளைத் தொடுகிறது. ஒரு காலத்தில் இயற்கையில் கிடைத்த ஆஸ்மியம்-இரிடியம் மணிகளை அதற்குப் பயன்படுத்தினார்கள். இன்று ருத்தீனியம், ஆஸ்மியம், டங்ஸ்டன் போன்றவற்றின் கலவைகள் பயன்படுகின்றன. பல நிப்புகளில் 'இரிடியம்' என்று பொறித்திருந்தாலும் உள்ளே இரிடியம் சிறிதும் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே வழுவழுப்பு என்பது அந்தக் குண்டு எப்படி உருட்டப்பட்டிருக்கிறது, பிளவின் இரு இதழ்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நிப்பை நேர்முகமாகப் பாருங்கள்: ஓர் இதழ் மயிரிழை உயர்ந்திருந்தாலும் ஒரு பக்கமாக எழுதும்போது கீறும். விரல்நகத்தால் அந்த இதழை மென்மையாக அழுத்திச் சமப்படுத்துவதே பெரும்பாலும் போதுமானது. மெருகுத்தாளை எடுத்துத் தேய்ப்பது கடைசி வழியாக இருக்கட்டும். தேய்த்த உலோகம் திரும்ப வராது. பிளவின் உள்ளோரங்கள் அளவுக்கு மீறி உருண்டுவிட்டால் மை தாளை எட்டாமல் உள்ளேயே நின்று, ஒவ்வொரு சொல்லின் முதல் கோடும் வராமல் போகும்.

தங்கத்தின் உண்மையான சிறப்பு அரிப்பைத் தாங்குவது. அமில மைகள் ஆண்ட காலத்தில் அது இன்றியமையாததாக இருந்தது. 14 காரட் என்றால் 58.5 விழுக்காடு தங்கம், 18 காரட் என்றால் 75 விழுக்காடு. எண் கூடினால் நிப்பு மென்மையாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை, ஆனால் நிப்பின் நெகிழ்வைத் தீர்மானிப்பவை அதன் தடிமனும் தோள்களின் வடிவமும் பிளவின் நீளமும்தான். இரும்புக் கம்பிபோல் விறைத்து நிற்கும் தங்க நிப்புகளும் உண்டு, இனிமையாகத் துள்ளும் எஃகு நிப்புகளும் உண்டு. உங்கள் பேனா நன்றாக எழுதுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

கைமாறினால் நிப்பு கெடும் என்பதைப் பற்றி: அந்தக் குண்டு மிகக் கடினமானது; அது உங்கள் கைக்குத் தக்கபடி தேய நெடுங்காலம் ஆகும்; ஒருவர் ஒரு கையெழுத்துப் போட்டதால் அந்தத் தேய்வு மாறிவிடாது. ஆனால் பெரியவர்கள் அஞ்சியதற்குப் பொருள் உண்டு. பந்துமுனைப் பேனாவில் பசைபோன்ற மையை வெளிக்கொணரக் குண்டை அழுத்தி உருட்ட வேண்டும். அதற்குப் பழகிய கை அதே விசையை நிப்பின் மேல் வைத்தால் இதழ்கள் விரிந்து வளைந்துவிடும். கொடுக்கத் தயங்குவது நியாயமே.

தமிழ் எழுதுபவர்களுக்கென்று ஒரு குறிப்பையும் சேர்க்கிறேன். நம் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. சிறிய கையெழுத்து உள்ளவர் அகன்ற முனையால் எழுதினால் 'ண', 'ஞ', 'ஊ' ஆகியவை கறுப்புத் திட்டாகிவிடும். ஜப்பானிய நிப்புகள் அதே பெயருள்ள ஐரோப்பிய நிப்புகளைவிட ஏறத்தாழ ஓர் அளவு மெலிந்து எழுதுவதால் நமக்கு நன்கு பொருந்துகின்றன. பெரிதாக எழுதுபவராக இருந்தால் தட்டை முனையுள்ள நிப்பை ஒருமுறையேனும் முயன்று பாருங்கள். அது மேலிருந்து கீழே இழுக்கும் கோட்டைத் தடிப்பாகவும் பக்கவாட்டுக் கோட்டை மெலிதாகவும் போடும். 'ட', 'ப', 'ம' போன்ற எழுத்துகளின் நிமிர்ந்த கால்களும் மெல்லிய அடிக்கோடும் அதில் எழுதும்போதுதான் முழு வடிவம் பெறுகின்றன.

வெண்தாள்:

கழுவும் முறையையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். அறை வெப்பநிலையில் உள்ள நீர் போதும். வெந்நீர், கடினமாக்கிய ரப்பரான எபோனைட்டின் நிறத்தைக் கெடுக்கும், நாக்கை வளைக்கவும் கூடும். எரிசாராயம் சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழச் செய்யும். பிடிவாதமான கறைக்கு ஒரு பங்கு வீட்டு அம்மோனியாக் கரைசலைப் பத்துப் பங்கு நீரில் கலந்து, ஒரு துளி பாத்திரச் சோப்பு சேர்த்து அலசிவிட்டு, மீண்டும் தூய நீரில் கழுவ வேண்டும். மையை மாற்றும் ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் மைகள் பேனாவுக்குள் கலந்தால் வீழ்படிவு உண்டாகிக் காடிகள் அடைபடக்கூடும். அதே காரணத்தால், பேனாவில் மிஞ்சிய மையைப் புட்டிக்குள் திரும்ப ஊற்றாதீர்கள்.

கரிமை:

இதனால்தான் ஒரு பேனாவுக்கு ஒரு மை என்ற ஒழுங்கை நான் கடைப்பிடிக்கிறேன். மாதந்தோறும் நிறம் மாற்றுபவர்கள் மையை அறிகிறார்களே தவிர, தங்கள் பேனாவை அறிவதில்லை என்பது என் எண்ணம்.

இடக்கை:

அன்பரே, அதில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. ஒரே பேனாவில் மூன்று மைகளை ஊற்றிப் பார்த்தால்தான் எது பேனாவின் இயல்பு, எது மையின் இயல்பு என்று பிரித்தறிய முடியும். மைத்துளி கேட்ட முதல் கேள்வியே அப்படி ஒப்பிட்டுப் பார்த்ததால் பிறந்தது.

மைத்துளி:

இரண்டு கருத்துகளையும் மனத்தில் கொள்கிறேன். நாட்குறிப்புக்கு இரும்பு மாசிக்காய் மையைத் தேர்ந்தெடுப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். எஃகு நிப்பு என்பதால் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பதை மட்டும் நீலக்கறுப்பு அவர்கள் சொல்லிவிட்டால் போதும்.

நீலக்கறுப்பு:

நாள்தோறும் எழுதுவதானால் இரண்டு மூன்று நிரப்பலுக்கு ஒருமுறை வெறும் நீரில் அலசுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் எழுதாமல் விடப்போவதாக இருந்தால் மையை வெளியேற்றிக் கழுவி உலர்த்தி வையுங்கள். புட்டியை இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். மூடி தளர்ந்தால் காற்றுப் பட்டு அடியில் கறுப்புப் படிவு இறங்கும், அந்த மையை மறுபடி பேனாவில் ஏற்றக் கூடாது. முதலில் நாட்குறிப்பின் கடைசித் தாளில் நாலு வரி எழுதி, மறுநாள் அதன்மேல் ஒரு துளி நீரை விட்டு, ஒற்றுத்தாளால் ஒற்றிப் பாருங்கள். கரும் வரி அசையாமல் நின்றால் அந்தத் தாளும் அந்த மையும் ஒத்துப்போகின்றன என்று பொருள். அடுத்த நாளே எழுதத் தொடங்கலாம்.